வெள்ளரிக்காய் மாதாவின் உடைமை வரலாறு

ஓவியம் தீட்டுவதுதான் பெரிய கலை என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். வண்ணமும் தூரிகையும் பொறுமையும் இருந்தால் யாரும் தீட்டிவிடலாம். தீட்டிய ஓவியம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒருவர் மனமும் கோணாமல் எழுதுவதுதான் கலை. அந்தக் கலையில் தென் அரைக்கோளத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் இயக்குநர் மிஸ்டர் கில்பின் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறார். கூட்டக் குறிப்பில் அது இருக்கிறது. குறிப்பை எழுதியவன் நான்தான்.

என் பெயர் அருமைநாதன். கொழும்பில் காணிப் பதிவுக் கந்தோரில் பதினாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். ஒரு தென்னந்தோட்டம் பாட்டனிடமிருந்து பேரனுக்கும், பேரனிடமிருந்து மச்சானுக்கும், மச்சானிடமிருந்து அவனுக்காக வழக்குப் பேசிய சட்டத்தரணிக்கும் போன கதையைப் பத்தே வரியில் எழுதி முத்திரை குத்துவேன். அங்கே காணிப் பத்திரத்தை 'உறுதி' என்பார்கள். உறுதி இல்லாத இடத்திலும் உறுதியாக எழுதக் கற்றது அங்கேதான். 1973 கடைசியில் மனைவி யோகாவுடன் மெல்பேர்ணுக்கு வந்தேன். அடுத்த வருடம் விண்டர்போர்ன் கலைக்கூடம் ஒரு பதிவாளர் தேவை என்று விளம்பரம் செய்தது.

"உங்களுக்கு ஓவியம் தெரியுமா?" என்று நேர்முகத்தில் கில்பின் கேட்டார்.

"தெரியாது, சேர்."

"மிக நல்லது. தெரிந்தவர்களுக்கு அபிப்பிராயம் இருக்கும். நீங்கள் கத்தோலிக்கரா?"

"ஆம், சேர்."

"இன்னும் நல்லது. எங்களிடம் ஒரு மாதா இருக்கிறாள்."

எங்கள் மாதா இரண்டு முழ உயரப் பலகையில் இருந்தாள். 1490 அளவில், வெனிஸ் பக்கத்தில், பெயர் தெரியாத ஒருவர் தீட்டியது. நீல முக்காடு. மடியில் குழந்தை. குழந்தையின் கையில் ஒரு வெள்ளரிக்காய். ஏன் வெள்ளரிக்காய் என்று ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் ஆராய்ந்து, "சொல்வதற்கில்லை" என்று முடித்திருந்தார். மாதாவின் ஆடை ஓரத்தில், இடப் பக்கம், மிளகளவு ஒரு தீச்சுட்ட வடு. எங்கள் பட்டியல் நூலில் அதற்கென்று தனிப் பத்தி உண்டு: "பக்தியின் வடு. ஏதோ ஒரு கன்னியாஸ்திரி கண்ணீரோடு செபித்த வேளையில் அவளது மெழுகுவர்த்தி தவறிப் பட்டிருக்கலாம்." அந்தக் கன்னியாஸ்திரியைப் படைத்தவன் நான். வாசித்துவிட்டுக் கில்பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உடைமை வரலாறும் நல்ல வரலாறுதான். முதலில் ஒரு மடம். பிறகு மடத்தைக் கொள்ளையடித்த ஒரு தளபதி. தளபதியின் பேரன் ஒரு பிரபு. பிரபுவைச் சூதாட்டத்தில் வென்ற இன்னொரு பிரபு. அப்படியே வியன்னாவுக்கு வந்து, 1938 வரை அங்கே 'தனியார் சேகரிப்பு'. அதன் பின் 1947இல் சூரிச் நகரில் ஒரு வியாபாரியின் கடை. அங்கிருந்து லண்டன். 1969இல் நாங்கள்.

கவனித்திருப்பீர்கள். 1938க்கும் 1947க்கும் நடுவே ஒன்றும் இல்லை. நானூறு வருடத்துக்கு முந்திய கொள்ளைக்காரனைத் 'தளபதி' என்று பெருமையோடு எழுதலாம். நாற்பது வருடத்துக்கு முந்தியவனை எழுதினால் யாருக்காவது நினைவிருக்கும். ஆகவே அந்த ஒன்பது வருடத்துக்குப் பெயர் வைக்க 'உடைமை வரலாற்று ஒழுங்குக் குழு' கூடியது. தலைவி மிஸிஸ் ஹாலிடே, கம்பளி வியாபாரக் குடும்பம். அருகில் வெள்ளரிக்காய்ப் பேராசிரியர்.

"'இடைவெளி' என்று போட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது" என்றார் மிஸிஸ் ஹாலிடே.

"'தகவல் காணாமற்போன காலம்'?" என்றார் பேராசிரியர்.

"காணாமற்போனது என்றால் யாராவது தேடுவார்கள்."

"'ஓய்வு'?"

"ஒன்பது வருட ஓய்வா? எனக்கே கிடைக்கவில்லை."

நான் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன். "'இக்காலத்தில் ஓவியம் கைமாறியது' என்று போடலாமா, மேடம்?"

"யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்க மாட்டார்களா?"

"கைமாறியது என்றால் கை மட்டும் போதும், மேடம். ஆள் தேவையில்லை."

மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். தமிழில் கைமாறு என்றால் செய்ததற்குப் பதிலாகக் கொடுப்பது. அதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தென் அரைக்கோளம் பற்றிய வாக்கியத்தைக் கில்பின் சொன்னது அன்றுதான்.

பட்டியல் நூல் 1977 பெப்ரவரியில் வெளிவந்தது. மார்ச்சில் மிஸ் எடித் ப்ளோக் வந்தார்.

அறுபதை நெருங்கும் வயது. சாம்பல் நிறக் கோட்டு. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்துவிட்டார். கோல்ஃபீல்டில் உடைகளை வெட்டிக் குறுக்கித் தைத்துக் கொடுக்கும் சிறு கடை வைத்திருப்பதாகச் சொன்னார். கையில் எங்கள் நூல்.

"இதை எழுதியவர் நீங்களா?"

"ஆம், மேடம்."

"இந்தக் கன்னியாஸ்திரி யார்?"

"ஊகம்தான், மேடம்."

"அது என் சித்தப்பா ஓட்டோ. மெழுகுவர்த்தி இல்லை, சுருட்டு. என் பன்னிரண்டாவது பிறந்தநாள், 1931. அப்பா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை."

என் கன்னியாஸ்திரி கண் முன்னாலேயே செத்துப்போனாள். நான் மிஸ் ப்ளோக்குக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

வியன்னாவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாதா இருந்தாள். அப்பா எமில் ப்ளோக், பல் வைத்தியர். பிள்ளைகள் மாதாவை 'ஊறுகாய் மாமி' என்பார்கள். சாப்பிட அடம் பிடித்தால், உன் பங்கை அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அதன் வெள்ளரிக்காயை உனக்குத் தருவேன் என்று அம்மா மிரட்டுவார். 1938இல் ஜெர்மன் படை நகருக்குள் வந்தது; பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருடம் எடித்தை மட்டும் இங்கிலாந்துக்கு வீட்டு வேலைக்காரியாக அனுப்ப முடிந்தது. மற்றவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஓவியத்தைத் திரும்பக் கேட்கிறீர்களா, மேடம்?" என்றேன்.

"என் ஃப்ளாட்டில் அவளை மாட்டச் சுவர் ஏது? எனக்கு வேண்டாம். இங்கே, இந்த 'தனியார் சேகரிப்பு' என்று இருக்கிறதே, அந்த இடத்தில் அப்பாவின் பெயரைப் போடுங்கள். அவர் அப்படியொன்றும் தனியாக இருக்கவில்லை. நாங்கள் ஆறு பேர்."

இவ்வளவு சிறிய வேண்டுகோளைக் கண்டு எங்கள் குழு பதறியது. பெரிய வேண்டுகோள் என்றால் வக்கீலிடம் கொடுத்துவிடலாம். சிறியதை யாரிடம் கொடுப்பது? ஏப்ரலில் மிஸ் ப்ளோக்கை அழைத்து, தேநீரும் பிஸ்கட்டும் வைத்து, விசாரித்தார்கள்.

"யூத வீட்டில் மாதா எப்படி இருந்திருக்க முடியும்?" என்றார் மிஸிஸ் ஹாலிடே.

"அவளும் யூதப் பெண்தானே, மேடம். எங்கள் வீட்டில் அவளுக்குக் கூச்சமாக இருக்கவில்லை."

பேராசிரியர் முன்னால் சாய்ந்தார். "வெள்ளரிக்காயின் பொருள் பற்றி உங்கள் தந்தை ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று."

பேராசிரியரின் முகம் வெளிறியது. நாற்பது பக்கம் எழுதியவரல்லவா.

"உங்களிடம் ரசீது ஏதாவது இருக்கிறதா?" என்று கில்பின் கேட்டார். "ஓவியத்தை எடுத்துப் போனவர்கள் ரசீது கொடுத்திருப்பார்களே?"

"கொடுத்தார்கள். அதில் அவர்கள் மிகவும் ஒழுங்கு. அப்பா அதை உள்சட்டைப் பையில் வைத்திருந்தார். பிறகு அவரையும் எடுத்துப் போனார்கள்."

சற்று நேரம் யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது. வியன்னாவில் உள்ள பழைய ஆவணக் காப்பகம் ஒன்றுக்குப் பதிவாளர் கடிதம் எழுதுவார். பதில் வந்ததும் குழு 'உரிய அனுதாபத்துடன்' பரிசீலிக்கும். அந்தத் தூர தேசத்தில் ஒருவரும் நமக்குப் பதில் எழுதப்போவதில்லை என்று கில்பின் என் காதில் சொன்னார்.

எழுதினார்கள். ஜூன் மாதம் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே 1938 ஜூலையில் எடுத்த பட்டியலின் பிரதி. பதினான்காம் இலக்கம்: மாதா, குழந்தை, வெள்ளரிக்காய், பலகை, கீழே இடப் பக்கம் தீச்சுட்ட துளை. உடைமையாளர்: எமில் ப்ளோக், பல் வைத்தியர். அடியில் அவருடைய கையெழுத்து. ஒரு எழுத்தும் நடுங்கவில்லை. பதினாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான உறுதியை நான் பார்த்ததில்லை.

உறையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளேட்டனில் உள்ள வீட்டுக்குப் போனேன். யோகா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் சைவ சமயத்துக்காரி. மாதா விஷயத்தில் பாரபட்சம் இல்லாதவள்.

"என்ன, கல்லு விழுங்கின மாதிரி நிக்கிறியள்?"

"வியன்னாக் கடிதம் வந்திட்டுது."

"மனிசி சொன்னது சரியோ?"

"எல்லாம் சரி. சுருட்டுத் துளையும் எழுதிக் கிடக்கு. தேப்பன்ர கையெழுத்தும் கிடக்கு."

"அப்ப நாளைக்குக் குடுத்துப்போட்டு வாங்கோவன்."

"நித்தியின்ர கடிதத்தில கில்பின் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

நித்தி என்பது நித்தியானந்தன், யோகாவின் ஒரே தம்பி. குருநாகலில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞன். நிலைமை சரியில்லை, மனைவி பயப்படுகிறாள் என்று மாதத்துக்கு இரண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அவனையும் குடும்பத்தையும் இங்கே அழைக்கும் விண்ணப்பத்துக்கு, நான் நிரந்தர வேலையில் இருப்பதாக இயக்குநரின் கடிதம் வேண்டும்.

யோகா கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலாவது வாய் திறந்து பேசலாம்."

அவள் வெட்டிய வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பிறகு, "அவனைக் கூப்பிடத்தான் வேணும்" என்றாள். "நான் அந்த மனிசியின்ர முகத்தைப் பாக்கேல்லை. நீங்கள் பாத்தனீங்கள். அதை நினைச்சுச் செய்யுங்கோ."

மறுநாள் கில்பின் என்னை அறைக்கு அழைத்தார். உறை அப்போதும் என் கோட்டுப் பையில்தான் இருந்தது.

"வியன்னாவிலிருந்து ஏதாவது வந்ததா, நாதன்?"

"சில கடிதங்கள் வர நாளாகும், சேர்."

"சில வராமலே போவதும் உண்டு."

"அதுவும் உண்டு, சேர்."

"உங்கள் மைத்துனர் விஷயமாக ஒரு கடிதம் கேட்டிருந்தீர்களே. கொண்டுவாருங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்."

அவர் என்னை மிரட்டினார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் ஒரு கனவான். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், அவ்வளவுதான். நாகரிகம் முற்றிய இடத்தில் மிரட்டலுக்கு வேலையே இல்லை.

ஜூன் கடைசியில் குழு கூடியபோது நான் எழுந்து நின்று வாசித்தேன்: "இன்றுவரை, குழுவின் முன் வைக்கத்தக்க பதில் எதுவும் கிடைக்கவில்லை." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதில் கிடைத்திருந்தது, வைக்கத்தக்கதாக இல்லை. குழு வருத்தம் தெரிவித்தது. வருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

மிஸ் ப்ளோக்கிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் ஓவியத்தின் எதிரே இருந்த வாங்கில் உட்கார்ந்து கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"எனக்காக நிறைய முயற்சி எடுத்தீர்கள்" என்றார். "பிறகு கடிதம் வந்தால் சொல்வீர்களா?"

"உடனே சொல்வேன், மேடம்."

"நீங்கள் சொல்வீர்கள். நீங்களும் எங்கிருந்தோ வந்தவர்."

கோட்டுப் பைக்குள் உறையின் விளிம்பு விலாவில் குத்தியது. வெளியே எடுக்க ஒரு நொடி போதும். கில்பின் கையெழுத்திட்ட கடிதம் அந்த வாரம்தான் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போயிருந்தது. அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மூன்று மணிக்கு வெயில் நேராக அவள் முகத்தில் விழுகிறது. நல்லதில்லை. வீட்டில் அந்த நேரம் அப்பா திரையை இழுத்துவிடுவார்."

அடுத்த வாரம் கரும்பச்சை வெல்வெட்டில் ஒரு ஜன்னல் திரை தைத்துக் கொண்டுவந்தார். கையாலேயே தைத்த ஓரம். ஜன்னலை அளக்காமல் கண்ணால் பார்த்து வெட்டியிருந்தார். ஒரு விரல்கூடப் பிசகவில்லை. குழு ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. ரசீது கேட்கவில்லை, வியன்னாவுக்கு எழுதவில்லை, அனுதாபம்கூடத் தேவைப்படவில்லை. ஜன்னலருகே பித்தளைத் தகடு பதித்தோம்: 'திரை: மிஸ் எடித் ப்ளோக், கோல்ஃபீல்ட், அன்பளிப்பு, 1977.' ஆக, ப்ளோக் என்ற பெயர் மாதாவின் அறையில் இடம்பெற்றே விட்டது. எங்கள் கலைக்கூடத்தில் உள்ள நாலாயிரம் பொருட்களில் உடைமை வரலாறு முதலிலிருந்து கடைசிவரை சந்தேகமின்றித் தெரிந்தது அந்தத் திரைக்கு மட்டும்தான் என்பதை நான் பதிவேட்டில் பெருமையோடு குறித்தேன்.

ஓகஸ்டில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம். குருநாகல் என்று வானொலி சொன்ன நாளிலிருந்து யோகா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எட்டு நாள் கழித்துத் தந்தி வந்தது: உயிரோடு இருக்கிறோம், முகாமில் இருக்கிறோம். செப்டம்பர் நடுவில் விசா கிடைத்தது என்ற செய்தி வந்தது. யோகா சாமிப் படத்தின் முன் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இனி என்ன சாட்டு?" என்றாள்.

சாக்குச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. உறையை எடுத்துக்கொண்டு அன்று பிற்பகலே ட்ராம் ஏறினேன். பதினொரு வாரம்தான் தாமதம். உடைமை வரலாற்றுத் துறையில் பதினொரு வாரம் என்பது கண் இமைக்கும் நேரம்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்து மீன் பொரியல் கடைக் கிரேக்கர் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"எடித்தா? போய்ப் பத்து நாளாகிறது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே. நீங்கள் துணி எடுக்க வந்தவரா?"

நான் பூட்டிய கதவைப் பார்த்தேன்.

"பயப்பட வேண்டாம். பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு துணியிலும் சொந்தக்காரர் பெயரை எழுதிக் குத்தி வைத்திருக்கிறாள். கோட்டு, கால்சட்டை, ஒரு கைக்குட்டைகூடத் தப்பவில்லை. பெயரைச் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன்."

என்னுடையது ஒன்றும் உள்ளே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ட்ராமில் எதிரே இருந்த பெண்மணி தன் கைக்குட்டையை எனக்கு நீட்டினார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

இனியாவது கடிதத்தைக் குழுவிடம் கொடுக்கலாமே என்று யோகா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பெயரைக் கேட்டவரே இல்லை என்று ஆன பிறகு, மூத்தவர்கள் நிறைந்த ஒரு குழுவைத் தொந்தரவு செய்வது மரியாதையல்ல என்று எனக்குப் பட்டது. கடிதத்தைக் கோப்பில் இட்டு, இலக்கம் கொடுத்து, பொருளடக்கத்தில் ஏற்றி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அது தொலையவில்லை, தொலைய விட்டவன் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது. அக்டோபரில் என்னைத் தலைமைப் பதிவாளராக உயர்த்தினார்கள்.

நவம்பரில் நித்தியானந்தன் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் வந்து இறங்கினான். நால்வருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யோகா இறால் குழம்பு வைத்தாள். நித்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தான்.

"வீடு எரியேல்லை அத்தான்" என்றான். "சுவர், கூரை எல்லாம் அப்பிடியே கிடக்காம். வேற ஆக்கள் இருக்கினமாம். தபால்காரர் எழுதினவர். முன் கதவுக்குப் புதுசாப் பெயின்ற் அடிச்சிருக்கினமாம்."

"உறுதி எங்க?" என்றேன், பழக்கத்தில்.

"எங்கட பிரதி அலுமாரியோட போயிட்டுது. அத்தான், நீங்கள் காணிக் கந்தோரில இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியும். எனக்கு வீடு திரும்ப வேண்டாம். அங்க ஆர் போய் இருக்கிறது? ஆனா அது எங்கட வீடு, நாங்கள் அங்க இருந்தனாங்கள் எண்டு எங்கையாவது எழுதிக் கிடக்குமோ?"

யோகா பரிமாறிக்கொண்டிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கட்டாயம் கிடக்கும் நித்தி" என்றேன். "ஒரு கந்தோரில, ஒரு இரும்பு அலுமாரிக்குள்ள, இலக்கம் போட்டுப் பத்திரமாக் கிடக்கும்."

அவன் முகம் சற்றுத் தெளிந்தது. "அப்ப, போய்க் கேட்டா எடுத்துக் காட்டுவினமோ?"

"அது அந்தக் கதிரையில இருக்கிற ஆளைப் பொறுத்தது" என்றேன். "கெட்டிக்காரன் எண்டால் காட்ட மாட்டான்."